நண்டின் ஏழு நாள் கணக்கு

காட்டுக் குளம் ஒன்றில் கொடுக்கன் என்றொரு நண்டு இருந்தது. கரையோரப் பாறையில் கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு கோடுகள் கீறி வைத்திருந்தது. விடிந்ததும் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, மீன்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லும். அந்த வேலையில் அதற்குக் கொள்ளைப் பெருமை.

மீன்களுக்கோ அந்த எண்தான் உயிர். தண்ணீர் ஐந்தாம் கோட்டுக்கு மேல் நின்றால்தான் ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அதற்குக் கீழே இறங்கினால் வெளியேற வழியே கிடையாது.

யானைகள் வந்து குடித்துப் போனால் மறுநாள் எண் பத்து என்று வரும். ஊற்று சுரந்து அடுத்த நாளே பன்னிரண்டாகிவிடும். அதற்குள் மீன்கள் போடுகிற கூப்பாடு இருக்கிறதே, அப்பப்பா! ஒருமுறை பத்து என்று கேட்டதுமே நாற்பது மீன்கள் பதறிப்போய் வாய்க்காலில் பாய்ந்தன. அங்கே காத்திருந்த நாரைகள் அத்தனையையும் தின்று தீர்த்தன.

கொடுக்கனுக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே ஒரு நாள் எண்ணைச் சொல்லி உங்களைக் கலங்கடிக்க மாட்டேன். கடைசி ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால வகுத்துச் சொல்றேன். புது நாள் ஒண்ணு சேர்ந்தா பழைய நாள் ஒண்ணு கழண்டுடும்" என்றது.

நல்ல யோசனைதான். அதன்பிறகு யானைகள் வந்துபோனாலும் எண் லேசாகத்தான் அசைந்தது. மீன்கள் நிம்மதியாகத் தூங்கின. கொடுக்கனைப் புகழாத மீன் இல்லை.

அந்தக் கோடையில் ஒரு பெருச்சாளி கரையின் அடியைக் குடைந்துவிட்டது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடியது. பன்னிரண்டில் நின்ற தண்ணீர் முதல் நாள் பத்தானது. யானை வந்திருக்கும் என்று கொடுக்கன் நினைத்துக்கொண்டது. மறுநாள் எட்டு. மூன்றாம் நாள் ஆறு.

அன்றைக்கு வெள்ளாயி என்ற கெண்டை மீன் பாறையடிக்கு வந்தது. அதற்கு முந்நூறு குஞ்சுகள்.

"அண்ணே, தண்ணி குறையிற மாதிரி இருக்கே. இன்னிக்கு எவ்வளவு நிக்குது? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குக் கிளம்பவா? இன்னும் ரெண்டு நாள் இருந்தா, நாரைக்குத் தப்பி ஓடுற அளவுக்குத் துடுப்பு பலப்படும். இருக்கலாமா?"

கொடுக்கன் பாறையைப் பார்த்தது. ஆறாம் கோட்டில் தண்ணீர் தளும்புவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஆறு என்று சொன்னால் குளமே அலறும். அந்த நாற்பது மீன்கள் நினைவுக்கு வந்தன.

"ஏழு நாள் கணக்கு பத்துக்கு மேல இருக்கு தாயி. பேசாம இரு" என்றது.

வெள்ளாயி நம்பித் திரும்பிப் போனது.

மறுநாள் தண்ணீர் நான்காம் கோட்டில் நின்றது. வாய்க்காலில் வெறும் சேறு. கொடுக்கன் கூட்டி வகுத்துப் பார்த்தது. அப்போதும் ஒன்பதுக்கு மேல்தான் வந்தது.

அடுத்த நாள்களில் குளம் குட்டையானது. குட்டையைச் சுற்றி நாரைகள் வந்து நின்றன. மற்ற மீன்களும் வெள்ளாயியின் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் வெள்ளாயி மட்டும் சேற்றில் கிடந்தது. கொடுக்கன் கொடுக்கால் பிடித்து இழுத்துப் பார்த்தது. அசைக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க பொய் சொல்லலை. ஆனா அன்னிக்குத் தண்ணி எவ்வளவுன்னுதானே நான் கேட்டேன்" என்றது வெள்ளாயி.

கொடுக்கனுக்குக் கால் இருந்தது, கரையேறிப் பிழைத்துக்கொண்டது. பிழைத்ததே பெரிய பாவமாகப் பட்டது.

மழை வந்து பெருச்சாளி வளை இடிந்து அடைபட்டது. குளம் நிறைந்தது. இப்போதும் கொடுக்கன் விடிந்ததும் பாறைக்குப் போகிறது. "இன்னிக்குப் பன்னிரண்டு, வெள்ளாயி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போன வாரத்தையும் சேர்த்துக் கூட்டி வகுத்து மனதைத் தேற்றிக்கொள்கிறவர்கள், இன்று கண்ணெதிரே நடப்பதைக் கோட்டைவிட்டுவிடுவார்கள்.