நீட்டிய பெட்டி

எமெல்டாவிடம் தொழில் பழக வந்த தயாபரன் அவரைவிட மூன்று வயது மூத்தவன். அதற்காக அவரும் விட்டுக்கொடுத்ததில்லை, அவனும் கூச்சப்பட்டதில்லை. பெரியாஸ்பத்திரியின் மருந்துக் களஞ்சியம் எமெல்டாவின் பொறுப்பில் இருந்தது. அடுத்த கிழமை வேறோர் ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தைத் தயாபரன் பொறுப்பெடுக்க வேண்டும்.

காலையில் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"மிஸ், எனக்குக் கீழ இல்லாத ஆக்களிட்ட எப்பிடி வேலை வாங்கிறது?"

எமெல்டா வாசலைப் பார்த்தார். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

குளம் உடைப்பெடுத்திருந்தது. களஞ்சியத்தில் நானூறு பெட்டி. சேலைன், காய்ச்சல் மருந்து, குழந்தைகளின் மருந்து. ரோட்டெல்லாம் வெள்ளம். இவை நனைந்தால் வார்டுகளுக்கு வேறு மருந்து கிடையாது.

"ஆளுக்கொரு பெட்டி தூக்கி மாடிக்குக் கொண்டு போங்கோ," என்று தயாபரன் தொண்டை கட்டக் கத்தினான்.

ஐந்து ஊழியர்கள் தூக்கினார்கள். படிக்கட்டு ஒடுக்கம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொண்டார்கள். நோயாளி பார்க்க வந்தவர்கள் படியெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அரை மணியில் முப்பது பெட்டிகூட ஏறவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. தயாபரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எமெல்டா கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, முதல் படியில் நின்ற சாரம் கட்டிய மனிதரிடம் நீட்டினார்.

"எனக்கோ?"

"பிடியுங்கோ."

அவர் முழித்தார். எமெல்டா கையை மடக்கவில்லை. அவர் வாங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் மேற்படியில் நின்ற பெண்ணிடம் நீட்டினார். திரும்பியபோது எமெல்டாவின் கையில் அடுத்த பெட்டி தயாராக இருந்தது.

பிறகு யாரும் படியை விட்டு அசையவில்லை. பெட்டிகள் மட்டும் ஏறின. யாரோ பாட்டெடுத்தார்கள். மதியத்துக்குள் கடைசிப் பெட்டியும் மாடிக்குப் போய்விட்டது. ஒன்றுகூட நனையவில்லை. படிக்கட்டே கை தட்டியது. தயாபரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதை எங்க படிச்சனீங்கள், மிஸ்?"

"எங்கட தீவில வள்ளம் வந்தால் ஒருத்தரும் தன்ர சாமானைத் தான் தூக்கிறேல்லை. வரிசையா நிண்டு கை மாத்தித்தான் கரையேத்துவம். பத்து வயசில என்னைப் பட்டணத்துப் போர்டிங்கில விட்டினம். பஸ்ஸால இறங்கின உடனே பெட்டியை நீட்டிக்கொண்டு நிண்டன்."

"ஆர் வாங்கினது?"

"ஒருத்தருமில்லை. எல்லாரும் சிரிச்சினம். ஒவ்வொரு லீவும் முடிஞ்சு வரேக்க நீட்டினன். மூண்டாம் தரம் ஒருத்தி வாங்கினாள். நான் படிச்சு முடிச்சுப் போகேக்க மாடியில இருந்து கேற் வரைக்கும் பிள்ளையள் வரிசையா நிண்டவை."

"முதல் நாளே கையை மடக்கியிருந்தால்?"

எமெல்டா நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தார்.

"இண்டைக்கு நானும் ஆளுக்கொரு பெட்டி எண்டுதான் கத்தியிருப்பன்."