தாண்டவனின் உயிருள்ள அச்சு

ஆறு இப்போது ஓடுகிற பக்கம் ஓடாமல் ஊருக்கு மறுபக்கம் ஓடிய காலத்தில், நீர்முனை என்ற பட்டினத்தைக் கொடிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனைப் பற்றிப் பிறகு பார்ப்போம். ராஜாக்களின் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு முதலில் வேண்டியவன் அந்த ஊர்த் தட்டான் தாண்டவன்.

தாண்டவன் நல்லவன். நன்றி சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எழுந்ததும் சூரியனுக்கு நன்றி சொல்வான். குளித்ததும் ஆற்றுக்கு நன்றி சொல்வான். பட்டறைக்குள் நுழைந்ததும் கருவிகளுக்கு நன்றி சொல்வான். எதிர்வீட்டு ஆடு வழிவிட்டால் அதற்கும் ஒரு கும்பிடு உண்டு. ஊரார் சிரிப்பார்கள், சிரித்தவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

பட்டறையில் மூன்று கருவிகளுக்குத் தனி மரியாதை. வெள்ளியை உருக்கும் மண் மூசை ஒன்று. கொதிக்கும் மூசையைத் தூக்கும் நீண்ட குறடு ஒன்று. உருகியதை ஊற்றி விரல் நீளப் பாளமாக வார்க்கும் மாக்கல் அச்சு ஒன்று. மூசைக்கு ஒரு பொட்டு, குறட்டுக்கு ஒரு பொட்டு, அச்சுக்கு மட்டும் மூன்று பொட்டு.

ஏன் தெரியுமா? அந்த அச்சுக்கு உயிர் இருக்கிறது என்று அவன் நம்பினான். தாண்டவன் சிறுவயதில் கற்றதெல்லாம் நகையில் கல் பதிக்கும் வேலை. பாளம் வார்க்கும் வேலையும் அந்த அச்சும் மாமனார் வீட்டுச் சீதனமாக ஒன்றாகத்தான் வந்தன. தினமும் குளித்துவிட்டு வந்து அச்சைத் தொட்டால், அது கோழிக்குஞ்சைப் போல வெதுவெதுவென்று இருக்கும்.

"பாத்தியா உலகாயி, மூச்சு விடுது! இது கல்லா? இல்லவே இல்ல, தெய்வம்!" என்பான் மனைவியிடம்.

உலகாயி துருத்தி ஊதியபடி சிரித்துக்கொள்வாள். அவள் தட்டார் வீட்டில் பிறந்து உலை முன்னால் வளர்ந்தவள். அவன் ஆற்றுக்குப் போனதும் அச்சை எடுத்து உமிக்கனலில் புதைப்பாள். ஈரம் போகக் காய்ந்ததும் துடைப்பாள். உள்ளே துளி எண்ணெய் தடவி இருந்த இடத்தில் வைப்பாள். இதை அவன் அறியாமல் இருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. தெய்வம், மூச்சு என்பதெல்லாம் அவனுடைய பூசைப் பேச்சு என்று விட்டுவிட்டாள். இப்படியே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆறு கரை உடைத்தது. மகாராணியும் கைக்குழந்தையும் தங்கியிருந்த தோட்ட மாளிகையைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. சடையன் என்ற ஓடக்காரனும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் அந்த வெள்ளத்தில் ஓடம் விட்டு, இருவரையும் உயிரோடு கரை சேர்த்தார்கள்.

மகாராணி அன்று தன் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றினாள். "இதை உருக்கி மூன்று பாளமாக வார்த்து, அந்த மூன்று பேருக்கும் கொடுக்க வேண்டும். வேறு வெள்ளி கலக்கக் கூடாது. வார்ப்பதை அவர்களும் நானும் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றாள். தாண்டவனுக்கு ஆள் போயிற்று.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மூசையையும் குறட்டையும் அச்சையும் பட்டுத்துணியில் கட்டினான்.

"நானும் வாறேங்க" என்றாள் உலகாயி.

"அரண்மனையில துருத்தி ஊத ஆளா இல்ல? நீ எதுக்கு அலையணும்?"

"அப்ப அச்சை மட்டும் பாத்துக்கிடுங்க."

"நான் என்னத்தப் பாக்க? அதுதான் என்னைப் பாத்துக்குது!" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அரண்மனை முற்றத்தில் உலை மூட்டினார்கள். மகாராணியின் கொலுசு அல்லவா? அச்சுக்குச் சும்மா பொட்டு வைத்தால் போதுமா? ஆற்று நீரால் அதைக் குளிப்பாட்டினான். சந்தனம் பூசினான். பூ வைத்தான். வெள்ளி உருகிப் பளபளவென்று மூசையில் ஆடியது. குறட்டால் தூக்கி அச்சில் ஊற்றினான்.

படார்! வெள்ளி சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஒரு துளி அவன் முழங்கையைச் சுட்டது. மற்றதெல்லாம் முற்றத்தில் மணிமணியாக உருண்டது. காவலர்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

தாண்டவன் அச்சின் முன் கும்பிட்டு விழுந்தான். தெய்வத்துக்கு என்னவோ கோபம் என்று நினைத்தான். இந்த முறை பாலால் குளிப்பாட்டினான், பன்னீரால் குளிப்பாட்டினான், தேங்காய் உடைத்தான். ஊற்றினான். முன்னைவிடப் பலமாக வெடித்தது. கொஞ்சம் வெள்ளி கல் இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது.

ராஜா எழுந்து நின்றான். "தட்டானே, என் மனைவியும் பிள்ளையும் பிழைத்ததற்கு நான் காட்டும் நன்றி இது. இதை இப்படித் தரையில் இறைக்கிறாயே! இன்னும் ஒரு முறை சிதறினால், கருவிகளை இங்கேயே வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போ."

"வீட்ல ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லையே! என்ன குறை வெச்சேன்?" என்று தாண்டவன் அச்சைப் பார்த்துப் புலம்பினான்.

ஓரமாக நின்ற சடையன் கிட்டே வந்தான். "பத்தரே, கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு உங்க தொழில் தெரியாது. வீட்ல நீங்க ஊத்துறதுக்கு முன்னால இதைக் கடைசியாத் தொடுறது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு முன்னால?"

தாண்டவன் அச்சைத் திருப்பிப் பார்த்தான். தான் ஆற்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் உலகாயியின் கையில் உமிச்சாம்பல் ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்திருக்கிறான். ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"ராஜா, என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விடுங்க" என்றான்.

உலகாயி ஓடி வந்தாள். அவன் புண்ணைப் பார்த்தாள். பிறகு அச்சைத் தொட்டாள். "ஐயையோ! இது என்னங்க, சொதசொதன்னு கிடக்கு? ஈரக் கல்லுல வெள்ளியை ஊத்துனா வெடிக்காம என்ன செய்யும்?"

"வீட்ல அது தானாச் சூடா இருக்குமே, உலகாயி."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாடுகிறானோ என்று பார்த்தாள். அவன் விளையாடவில்லை. "தானா எந்தக் கல்லுங்க சூடாகும்?" என்று மெல்லக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சந்தனத்தைச் சுரண்டி எறிந்தாள். அச்சை உமிக்கனலில் புதைத்துப் பொறுமையாக உட்கார்ந்தாள். ராஜாவும் உட்கார்ந்தான், வேறு வழி? நேரம் கழித்து அச்சை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். சொட்டு 'சுர்' என்று ஓடி மறைந்தது. எண்ணெய் தடவி, "இப்ப ஊத்துங்க" என்றாள்.

வெள்ளி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. முதல் பாளம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. மகாராணி தன் கையால் எடுத்துச் சகோதரர்கள் மூவருக்கும் கொடுத்தாள்.

சடையன் வாங்கினான், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. தம்பிகளின் முகத்தைப் பார்த்தான். அவர்களும் தலையாட்டினார்கள். மூன்று பாளத்தையும் உலகாயியின் முன்னால் வைத்தான்.

"தாயி, இதை மறுபடி உருக்கி நாலா வார்த்துக் குடுங்க. மகாராசா மன்னிக்கணும். நாங்க மூணு பேரு துடுப்புப் போட்டோம், எல்லாரும் பாத்தாங்க. எங்க அத்தான் மாடன் அடியில குந்தி விடாமத் தண்ணி இறைச்சாரு. அவரு இறைக்கலைன்னா ஓடம் பாதி ஆத்துலயே போயிருக்கும். கூப்பிட்டு விட்டப்ப நாங்க மூணு பேரும் பேசாம வந்துட்டோம்."

மகாராணி எழுந்துவிட்டாள். "என் காலடியில் ஒருவர் குனிந்து குனிந்து நிமிர்ந்தது நினைவிருக்கிறது. நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே!" என்றாள். ராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

மாடனை அழைத்து வந்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்று பயந்தபடியே அவன் வந்தான். மறுபடியும் மூசை காய்ந்தது. உலகாயி அச்சைச் சூடாக்கினாள், தாண்டவன் ஊற்றினான். நான்காவது பாளத்தை மகாராணி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க, கொப்புளம் ஆறாத கையால் மாடன் வாங்கிக்கொண்டு அழுதான்.

தாண்டவனும் அழுதான். ஆட்டுக்கும் ஆற்றுக்கும் நன்றி சொன்ன வாய்க்கு மனைவியிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் அவளை நோக்கிக் கை கூப்பினான்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்குறாங்க" என்று உலகாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் கையை இறக்குங்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

கேட்டீர்களா நல்லவர்களே, நமக்கு ஒரு நன்மை நடந்தால், அதைச் செய்த கை யாருடையது என்று தேடிப் பார்த்து அந்தக் கைக்கே முதல் நன்றியைச் சொல்ல வேண்டும்.