கைகோத்து நின்ற மூன்று சொற்கள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மகள் ஜெபசீலி. அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போய், முதல் லீவுக்கு வந்த டிசம்பரில், இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

புஷ்பராணி என்று ஒரு நர்ஸ். கடல் கடந்த ஊரில் வேலை. அவள் வாய்க்குள்ளே கொஞ்சம் இங்கிலீஷ் சொற்கள் குடியிருந்தன. அதில் ஓயாமல் உழைத்தது ஸாரிதான். தண்ணீர் சிந்தினாலும் ஸாரி, எதிராளி பேசுவது புரியாவிட்டாலும் ஸாரி. கூப்பிடும் முன்னே பல்லோரத்தில் வந்து நிற்கும். பாவம், அதற்கு எப்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வாரம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தாற்போல் குடிவந்தார்கள்: இன், குட், ஹேண்ட்ஸ். பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் மனப்பாடம் செய்த வரி அது. மூவரும் கைகோத்தபடியே ஒரு மூலையில் நின்றார்கள்.

ஸாரிக்குப் பிடிக்கவில்லை. "உங்களை ஒவ்வொருத்தரையும் மூணாம் வகுப்பிலிருந்து தெரியும். இப்ப என்ன புதுசா ஊர்வலம்?"

குட் அமைதியாகச் சொன்னது: "தனியாப் போனா நான் பரீட்சைத் தாள்ல டீச்சர் எழுதுற சொல்லுதான். இவங்களோட போனா என் வேலையே வேற. இந்த ஊர்க்காரங்க பயந்து நிக்கிறப்ப ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது எங்களைத்தான்."

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, ஒரு பெரியவரை இருதய ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். தியேட்டரில் டாக்டர்கள் காத்திருக்கிறார்கள். அவர் மனைவியோ கட்டில் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. நாற்பது வருஷம் இவரை விட்டுத் தனியாக இருந்ததில்லை, பயமாயிருக்கிறது என்றார்.

புஷ்பராணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல ஸாரி முந்திக்கொண்டு ஓடியது.

அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் ஸாரி? என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா?" கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னே நர்ஸ் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

ஸாரி நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. வார்டு போன் இரண்டாம் தரம் அடித்தது, தியேட்டரிலிருந்துதான். வாய்க்குள்ளே ஒரே கலவரம். ஓகே, "நான் போகவா?" என்றது. யெஸ் சும்மா தலையை ஆட்டியது. குட் ஒன்றையாவது அனுப்பிப் பார்க்கலாம் என்றும் ஒரு பேச்சு.

"பயமா இருக்குன்னு சொல்றவங்ககிட்ட போய் 'நல்லது'ன்னு நிக்கிறதா? என்னைப் பிரிச்சு அனுப்பாதீங்க" என்று குட் கெஞ்சியது.

இத்தனை நாள் விடாத இடத்தை விட்டு ஸாரி விலகியது. "நான் போனாலே பயப்படுறாங்க. நீங்க மூணு பேரும் சேர்ந்தே போங்க. சீக்கிரம்."

புஷ்பராணி மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு வாய் திறந்தாள். "ஹி இஸ் இன் குட் ஹேண்ட்ஸ்." நல்ல கைகளில், கைதேர்ந்தவர்கள் பொறுப்பில் இருக்கிறார், நம்பி அனுப்புங்கள் என்று அர்த்தம்.

அந்த அம்மாள், கட்டிலைத் தள்ள நின்ற புஷ்பராணியின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தார். கட்டில் நகர்ந்தது.

இப்படிச் சேர்ந்து நின்றால்தான் அர்த்தம் தருகிற இங்கிலீஷ் வரிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, சொல் சொல்லாகப் பிரிக்காமல், முழு வரியாகவே சொல்லிக் கொடுங்கள்.