மூன்று சங்கிலியும் முழங்கால் சேறும்

முன்னொரு காலத்தில் செங்கரை என்ற நாட்டைக் கோடைவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனை யானைமேல் ஏற்றுவான். மாலையில் அவனையே யானைக்குத் தழை வெட்ட அனுப்புவான். அப்படிப்பட்ட குணம்.

அந்த நாட்டுப் பெரிய ஏரியைக் கவனிக்க ஒரு பூதம் இருந்தது. எள்ளு என்றால் எள்ளு, எண்ணெய் என்றால் எண்ணெய். சொன்னதைச் செய்யும், எழுதியதைப் படிக்கும். ஆனால் ஊருக்குப் புதுசு. எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது.

ஏரிக்கரை மேடையில் மூன்று சங்கிலிகள் தொங்கின. ஒன்றை இழுத்தால் வயலுக்குத் தண்ணீர் போகும். ஒன்று ஊர்க் கால்வாயைத் திறக்கும். ஒன்று வெள்ளத்தைக் காட்டோடைக்குத் தள்ளிவிடும். மதகுகள் தண்ணீருக்குள் இருந்ததால், மேடையில் நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

"ஒவ்வொன்றுக்கும் பலகை எழுதி மாட்டுவோம்" என்றார் அமைச்சர் அறவாழி.

அவரைக் கண்டாலே ஆகாது ஆஸ்தானப் புலவர் மதுரகண்டனுக்கு. "அமைச்சர் எழுதினால் சந்தைக்கடைப் பலகை மாதிரி இருக்கும், மன்னா. என்னிடம் விடுங்கள்" என்று குறுக்கே விழுந்தார். எழுதியும் கொடுத்தார்:

'வான் தந்த அமுதை வையம் மகிழ வழங்குவேன்.'
'கோன் புகழ்போல் குன்றாது பெருகுவேன்.'
'தேன் தந்த மலர்போலத் தெளிந்து சொரிவேன்.'

"வான், கோன், தேன்! அடடா!" என்று ராஜா பட்டுச் சால்வை போர்த்தினான். "இதில் எது எந்த மதகு, மன்னா?" என்று அறவாழி கேட்டது யார் காதிலும் விழவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. "மிச்சத் தண்ணீரைத் திறந்துவிடு" என்று உத்தரவு போனது. பூதம் மூன்று பலகையையும் படித்தது. பெருகுவதுதானே மிச்சம் என்று எண்ணி இரண்டாவது சங்கிலியை இழுத்தது. அது ஊர்க் கால்வாய். குயவர் தெரு மூழ்கியது. சுவர்கள் சரிந்தன. சூளைக்குக் காத்திருந்த பச்சைப் பானைகள் கரைந்து ஓடின.

மறுநாள் சடைச்சி என்ற குயத்தி சபைக்கு வந்து, ஒரு சேற்று உருண்டையை ராஜா காலடியில் வைத்தாள். "இது நேத்து வரைக்கும் பானை, மகராசா. எம் புள்ளைகளைக் கூரை மேல ஏத்திக் காப்பாத்துனேன். இப்போ அந்தக் கூரையும் இல்ல."

"எல்லாம் இந்த முட்டாள் பூதத்தால் வந்தது!" என்று கத்தினார் புலவர்.

"எழுதியிருந்ததைத்தான் படித்தேன், பிரபு" என்றது பூதம்.

"மலைக்குகையில் போட்டுப் பாறையால் அடையுங்கள்!" என்றான் ராஜா.

அறவாழிக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுதியவருக்குச் சால்வை, படித்ததற்குக் குகையா? இது என்ன நியாயம், மன்னா? எழுத்து தெளிவென்றால் புலவரே நிரூபிக்கட்டும். காட்டோடைச் சங்கிலி எதுவென்று அவர் சொல்லட்டும். சொன்னதைப் பூதம் இழுக்கும். அதுவரை அவர் ஊர்க் கால்வாய்க்குள் நிற்கட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "புறப்படுங்கள்!" என்றான்.

தெருச் சனங்களை மேட்டில் ஏற்றிவிட்டு, தண்ணீர் தெருவுக்குள் போகாதபடி கால்வாயைக் கீழே அடைக்கச் சொன்னார் அறவாழி. புலவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, முழங்கால் சேற்றில் இறக்கினார்கள். மூன்று பலகைகளும் எதிரே தெரிந்தன. தன் வரிகளைத் தானே படித்தார் புலவர். திரும்பவும் படித்தார். வேர்த்துக் கொட்டியது.

"ஏரிக்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா?" என்றார் ஈனக்குரலில்.

"பூதத்துக்குக் கேட்டுக்கொள்ள யார் இருந்தார்கள்?" என்று கரையிலிருந்து கர்ஜித்தார் அறவாழி. "கொட்டும் மழையில் உம்முடைய தேனும் மலரும்தானே அதற்குத் துணை? சொல்லும்!"

"தே... தேன்!"

பூதம் இழுத்தது. தண்ணீர் வயல்பக்கம் பாய்ந்தது. "தப்பித்தீர். ஆனால் காட்டோடை இன்னும் திறக்கவில்லை. அடுத்தது?" என்றார் அறவாழி.

"கோன்! கோன்!"

குபீரென்று வந்த தண்ணீர் புலவரைப் புரட்டிப்போட்டது. பூதமே சட்டென்று சங்கிலியை விட்டு மதகை மூடியது. கயிற்றைப் பிடித்து அவரைக் கரையேற்றியதும் அதுதான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதீர்கள், மன்னா" என்றார் அறவாழி. "அந்தப் பலகைக்குச் சால்வை போர்த்தியது உங்கள் கைதான்."

சிரிப்பு நின்றது. ராஜா தலை குனிந்தான். பூதத்துக்கு விடுதலை சொன்னான். புலவர் சடைச்சியிடமும் ஏரிக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டு மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பானது. எழுதியதைப் பூதத்திடம் படிக்கக் கொடுக்கவும் வேண்டும். "வயல் விளைந்து நிற்கும்போது இழுக்கலாமா?" என்று அது கேட்கும். தலையைச் சொறிந்துகொண்டு போய் மறுபடி எழுதுவார் புலவர். கடைசியில் ஊர்க் கால்வாய்ப் பலகை இப்படி வந்தது: 'இதை இழுத்தால் குயவர் தெரு வழியாக ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் போகும். குளம் வற்றினால் மட்டும் இழு. மழைக்காலத்தில் தொடாதே. ஏரி தளும்பினால் காட்டோடைச் சங்கிலியை இழு.'

அடுத்த அடைமழையில் பூதம் அதைப் படித்துவிட்டு நேரே காட்டோடைச் சங்கிலிக்குப் போனது. ஊருக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

ராஜா மகிழ்ந்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அறவாழி கை நீட்டவில்லை. "மாலையை விற்றுக் குயவர் தெருவைக் கட்டுங்கள், மன்னா."

"இன்னும் கோபமா அமைச்சரே?"

"அங்கே கடைசிக் கூரை ஏறும்வரை கோபம்தான்."

மாலை விற்றது, கூரை ஏறியது, கோபம் இறங்கியது. நம்ம கதையும் கரை சேர்ந்தது.