கடைசி இடத்துக்காரி

மாநில அளவிலான கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் இன்னும் ஒரு அணிக்கு இடம் இருந்தது. அதை மேற்கு மண்டலத்துக்குத் தருவதா, தெற்குக்கா என்று முடிவு செய்யச் சங்கம் கூடியது.

மேற்கிலிருந்து தன் கல்லூரி வீராங்கனைகளோடு வந்திருந்த தாளாளர் பொன்னுரங்கம் மேசையைத் தட்டினார். "வருசா வருசம் எங்க காலேஜ்தானுங்க சாம்பியன். இதைவிட வலுவான மண்டலம் எதுங்க? தெற்குல ஆள் இருந்தா எந்திரிச்சுப் பேசட்டும்!"

தெற்கிலிருந்து வந்திருந்தவள் இசக்கியம்மாள் ஒருத்திதான். அவள் கேப்டனாக இருந்த கல்லூரி அணிக்கு இந்த வருடம் தெற்கு மண்டலத்தில் கடைசி இடம். ஆனாலும் தயங்காமல் எழுந்தாள்.

"ஐயா, அடுத்த வருசம் உங்க மண்டலத்துல எந்தக் காலேஜு ஜெயிக்கும்?"

"இதென்ன கேள்வி கண்ணு? நாங்கதான்."

"ரெண்டாவது?"

தாளாளருக்கு உற்சாகம் பொங்கியது. இரண்டாவதில் தொடங்கிக் கடைசி இடம் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"அடேயப்பா! அப்படியே எங்க மண்டலத்துக்கும் சொல்லிருங்க ஐயா."

"அதை எப்படிச் சொல்றது? போன வருசம் ஜெயிச்ச நீங்க இந்த வருசம் கடைசி. கடைசியா வந்த நீங்களே சாம்பியனைத் தோக்கடிச்சிருக்கீங்க. அங்க யாரு யாரை அடிப்பாங்கன்னு ஆண்டவனுக்கே தெரியாது!"

"அதைச் சொல்லத்தான் ஐயா நான் வந்தேன். நீங்களே சொல்லிட்டீய."

அரங்கமே சிரித்தது. இடம் தெற்குக்குப் போனது. முதலில் எழுந்து கைதட்டியவர்கள் பொன்னுரங்கத்தின் கல்லூரி வீராங்கனைகள்தான். நல்லதாக ஒரு மேட்ச் ஆடி அவர்களுக்கும் எத்தனையோ வருடமாயிற்று.