மொட்டைத் தலைக் குட்டிக்கோஸ்

புஸ்ஸ்ஸ்... மொறுக், மொறுக். புஸ்ஸ்ஸ்... மொறுக், மொறுக்.

நல்லா இருட்டினதுக்கு அப்புறம், வீட்டுக்குப் பின்னால இப்படி ஒரு சத்தம். யாரு மூச்சு விடறா? எதைக் கடிக்கறா? அதைச் சொல்லணும்னா முதல்லேர்ந்து வரணும். போர்வைக்குள்ள காலை இழுத்துக்கோ. ம்?

ஒரு மலைமேல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு தகரக் கூரை வீடு. அந்த வீட்டுல ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா. அவ பேரு ஜெசிந்தா. இடுப்புல எப்பவும் ஒரு குண்டுப் பாப்பா, அது பேரு ரூபி. ரூபியோட அப்பா லூர்து தேயிலை லாரி ஓட்டறவரு. இன்னிக்குக் கோயமுத்தூர், நாளைக்குக் கொச்சின்னு போயிடுவாரு.

அவரு போனதும் ஜெசிந்தா சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உக்காந்துடுவா. ஏன்னா அந்த வீட்டுப் பின்கதவு தாப்பா விழாது. மழையில மரம் ஊதிப் போச்சு. கதவு நிலையில போய் முட்டிக்கிட்டு நிக்கும், தாப்பா ஓட்டைக்கு வராது. அவளும் தினம் சாயங்காலம் தள்ளிப் பார்ப்பா. கிரீச்... ஊஹூம். அப்புறம் என்ன பண்ணுவா? அரிசி டிரம்மை உருட்டி வைப்பா, கடமுட கடமுட. அதுமேல டிரங்குப் பெட்டி, டொங். அதுக்கு முட்டுக் குடுக்க லூர்துவோட பழைய லாரி டயர், தொப். அப்பவும் தூக்கம் வராது.

இது அவளோட மாமியாருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆரோக்கியம்மான்னு பேரு, மேட்டுப்பாளையத்துல இருக்காங்க. போன் வந்துச்சு.

"ஏ பொண்ணே, நேத்தும் தூங்கலையாமே?"

"காத்துச் சத்தம் அத்தை, அதான்..."

"காத்துக்கே இப்படின்னா! புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துடு. என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

ஜெசிந்தாவுக்குப் பக்குனு ஆயிடுச்சு. பயம் பயம்தான், ஆனா இது அவ வீடு. முதல் முதலா அவளுக்குன்னு கிடைச்ச வீடு. அங்க போனா மிளகாய்த்தூள் டப்பாவைக்கூட கேட்டுட்டுத்தான் திறக்கணும். அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா.

"வர முடியாது அத்தை. நான் தோட்டம் போட்டிருக்கேன்."

போன்ல கெக்கெக்கேன்னு சிரிப்பு. "தோட்டமா? மண்புழுவைப் பார்த்து ஸ்டூல்மேல ஏறினவ நீ! சரி, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வர்றேன். உன் தோட்டத்துலேர்ந்து ஒரு பொரியல் என் தட்டுல விழணும். விழலைன்னா நான் திரும்பற பஸ்ல நீயும் ஏறணும். என்ன?"

"சரி அத்தை."

சொல்லிட்டாளே தவிர, தோட்டமே கிடையாது! அப்போ அவ என்ன பண்ணினா, நேரா, தான் படிச்ச கான்வென்ட்டுக்கு ஓடினா. அங்க சிஸ்டர் பெர்னடெட் ஒரு காகிதப் பொட்டலம் குடுத்தாங்க. உள்ள கடுகு மாதிரி, கருப்புக் கருப்பா விதை. இங்கிலீஷ்ல பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்னு வாய் நிறைய பேரு. நமக்குக் குட்டிக்கோஸ்.

"குளிர் பட்டாத்தான்மா இது இனிக்கும்"னாங்க சிஸ்டர். அவ்வளவுதான், மணி அடிச்சுது, ஜெபத்துக்குப் போயிட்டாங்க.

ஜெசிந்தாவுக்குக் குட்டிக்கோஸை நல்லாத் தெரியும். ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை தட்டுல வரும், பொம்மை வீட்டு முட்டைக்கோஸ் மாதிரி. தட்டுலதான் பார்த்திருக்கா, செடியில பார்த்ததே இல்ல. அதனால மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டா: பெரிய கோஸுன்னா செடிக்கு ஒண்ணு, நடுவுல உக்காரும். குட்டிக்கோஸும் அப்படித்தான், உச்சந்தலையில ஒரே ஒரு குட்டி உக்காரும். ம்? சிரிக்காத. நீ மட்டும் பார்த்திருக்கியாக்கும்.

அப்புறம், ஓட்டைத் தட்டுல மண்ணு போட்டு விதைச்சா. முளைச்சுது, ரெண்டு ரெண்டு இலையா. விரல் உயரம் வந்ததும் தோட்டத்துல நடணும். கேக்குக்கு மாவு சலிக்கற மாதிரி மண்ணைச் சலிச்சா, பொலபொலன்னு ஆக்கினா, நட்டா.

முதல்ல வந்துச்சு காத்து. விர்ர்ர்ர்! பொலபொல மண்ணுல வேரு எங்க பிடிக்கும்? ஒவ்வொரு செடியா, பொத்து, பொத்து. ஜெசிந்தா ஒண்ணொண்ணையும் நிமிர்த்தினா. ரூபியை இடுப்புல வச்சுக்கிட்டு, செடியைச் சுத்தி மண்ணை மிதிச்சா. சும்மா மிதிக்கல, ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்பு மாதிரி, லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட்! ரூபி கையைத் தட்டுது. மண்ணு கெட்டியாச்சு, செடியும் கெட்டியா நின்னுச்சு. அட, இதுக்குப் பிடிச்சதே கெட்டி மண்ணுதான்!

அப்புறம் வந்துச்சு புழு. பச்சைப் புழு, நெளுநெளுன்னு. இலையெல்லாம் சல்லடை. ஜெசிந்தா "மாதாவே!"ன்னு ஒரே ஓட்டம், சமையல் மேடை வரைக்கும். அங்க அடுப்புப் பக்கத்துல பாத்திரம் பிடிக்கற இடுக்கி. எடுத்தா. கண்ணை முக்கால்வாசி மூடிக்கிட்டு, மூக்கைச் சுருக்கிக்கிட்டு, இடுக்கியால லபக்னு ஒண்ணு. டப்பாவுல டொக். இன்னொண்ணு. டொக். பக்கத்து வீட்டுக் கோழிங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டினா. கொக் கொக் கொக்! மறுநாள் கோழிங்களே வேலியோரம் வந்து நின்னு, எங்க டிபன்னு கேக்குதுங்க.

செடி இடுப்பு உயரம் வந்துச்சு. தினமும் ஜெசிந்தா உச்சந்தலையைத்தான் எட்டிப் பார்ப்பா. குட்டி உக்காந்துச்சா? இலை மேல இலை, கொண்டை மாதிரி. குட்டியைக் காணோம். போதாததுக்குத் தண்டு முழுக்க, இலைக்கு இலை இடுக்குல, பட்டாணி மாதிரி கட்டி கட்டியா வேற. "ஐயோ, செடிக்கு மருவு வந்துடுச்சே!"

போன் வந்துச்சு. "என்ன, கோஸ் வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு அத்தை."

"எங்க வந்துக்கிட்டிருக்கு, குன்னூர் தாண்டிடுச்சா? பெட்டியைக் கட்டு நீ!"

அன்னிக்கு இருட்டினதும்தான் அந்தச் சத்தம். புஸ்ஸ்ஸ்... மொறுக், மொறுக்.

ஜெசிந்தா டிரம்மை உருட்டினா, பெட்டியை வச்சா, டயரைப் போட்டா, அதுமேல தானும் ஏறி உக்காந்தா. ஜன்னல் இடுக்குல பார்த்தா... தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டுல ஒரு பாதை, அந்தப் பாதையில ஒரு மலை நிக்குது. மலைக்குக் கொம்பு! வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு காலு. காட்டெருமை! வேலிக்கு மேல கழுத்தை நீட்டி, முன் வரிசைச் செடிங்களோட உச்சியை மட்டும், மொறுக். அடுத்தது, மொறுக். அதுக்குக் கீழ வாய் எட்டலை. தின்னு முடிச்சு ஒரு பெருமூச்சு, புஸ்ஸ்ஸ். போயிடுச்சு.

காலையில பார்த்தா முன் வரிசை மொத்தமும் மொட்டை. ஜெசிந்தா அங்கேயே மண்ணுல உக்காந்து அழுதா. குட்டி உக்கார வேண்டிய உச்சியே போச்சு. அப்போ வீடும் போச்சு. சரின்னு டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரூபியோட சட்டையை அடுக்க ஆரம்பிச்சா. ஆனாலும் கை கேக்கலை. மொட்டைச் செடிக்கும் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா. வளர்த்த பாவம்.

அப்புறம் கேளு. கொஞ்ச நாள் கழிச்சுத் தண்ணி ஊத்தறப்போ, ரூபி கையை நீட்டி மொட்டைச் செடித் தண்டுல எதையோ பிடிச்சு இழுக்குது. "ஏய், மருவுடி அது, தொடாத"ன்னு குனிஞ்சா... பட்டாணி கோலிக்குண்டாயிருக்கு! விரிச்சுப் பார்த்தா உள்ள இலைக்குள்ள இலை, இலைக்குள்ள இலை. குட்டிக்கோஸ்! ஒண்ணா ரெண்டா, தண்டு முழுக்க, மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிசை வரிசையா!

ஓடிப்போய்ப் பின் வரிசையைப் பார்த்தா. அங்க காட்டெருமை வாய் எட்டலை, கொண்டை அப்படியே இருக்கு. ஆனா கீழ பட்டாணி பட்டாணியாவே நிக்குது. முன்னால மொட்டை, குண்டு. பின்னால கொண்டை, நோஞ்சான். ஜெசிந்தா மூக்குமேல விரலை வச்சா. "அட, சாப்பாட்டையெல்லாம் கொண்டைதான் தின்னுதா!" கிள்ளினா பாரு, டிக், டிக், டிக்! பின் வரிசைக்கும் மொட்டை.

அப்புறம் ராத்திரி சத்தம் கேட்டா ஜெசிந்தா ஜன்னல் வழியா, "எல்லாத்துக்கும் முடி வெட்டியாச்சு, போயிட்டு வாங்க"ம்பா. டிரம்மை உருட்டறதே மறந்து போச்சு. தாப்பாவைத் தள்ளிப் பார்க்கறதும் மறந்து போச்சு. பனி கொட்டுச்சு, காலையில புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு. குட்டிக்கோஸ்மேலயும் வெள்ளைப் பொடி.

ஆரோக்கியம்மா வந்து இறங்கினாங்க, மப்ளர், ஸ்வெட்டர், மேல ஒரு கம்பளி. சாயங்காலம் தட்டுல விழுந்துச்சு பொரியல்: குட்டிக்கோஸை ரெண்டா வெட்டி, கடுகு தாளிச்சு, மிளகு, தேங்காய் போட்டது.

"கோஸ் நாத்தமே எனக்கு ஆகாது"ன்னு ஒண்ணை எடுத்தாங்க. மென்னாங்க. இன்னொண்ணு. அப்புறம் தட்டையே பக்கத்துல இழுத்துக்கிட்டாங்க.

"ஏய், சக்கரை போட்டியா?"

"நான் போடலை அத்தை. பனி போட்டுச்சு."

அப்போ பார்த்து, வீட்டுக்குப் பின்னால... என்ன சத்தம்? நீயே சொல்லு. ம். புஸ்ஸ்ஸ்!

ஆரோக்கியம்மா ஒரே தாவல், கட்டில்மேல! கையில மட்டும் தட்டை விடலை. "யாருடி அது?"

"தோட்டக்காரரு அத்தை. செடிக்கு முடி வெட்ட வருவாரு."

ஜன்னல்ல பார்த்தாங்க, கொம்பைப் பார்த்தாங்க. "அய்யோ ஆண்டவரே! ஜெசிந்தா, கதவு, கதவு!"

"அந்தத் தாப்பா விழாது அத்தை. பயமா இருந்தா என்கூடப் படுத்துக்குங்க."

"காலையில முதல் பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்டி! எனக்கு இந்த ஊரு ஆகாது. நீ... நீயே இங்க இருந்துக்கோம்மா."

இதைக் கேக்கத்தானே அவ இத்தனை பாடு பட்டா? வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சா. ரூபி தூங்கிடுச்சு. பாவம் அத்தை, பல்லு கடகடங்குது. சரி, அவங்க மனசுக்காகத் தள்ளித்தான் பார்ப்போமேன்னு ஜெசிந்தா பின்கதவுகிட்டப் போனா. மழை போயி, பனிக்காலம் வந்து, ஊதின மரம் காஞ்சு சுருங்கிப் போயிருந்தது அவளுக்கு எங்க தெரியும்? ஒரே ஒரு விரலாலதான் தள்ளினா.

காட்டெருமை காட்டுக்குள்ள, அத்தை கம்பளிக்குள்ள, கதை உன் கண்ணுக்குள்ள. மூடு. கேட்டுதா, தாப்பா விழுந்துச்சு.

டக்.