மொட்டைமலைக்குப் போன தவளை

மணல்காட்டு நடுவில் ஒரு சின்னக் குட்டை இருந்தது. அதில் ஒரு தவளை இருந்தது. கூச்ச சுபாவம். யாராவது பேசினால் பாதிப் பதிலைத் தண்ணீருக்குள் போய்ச் சொல்லும்.

ஒரு நாள் விடியற்காலையில் முயலும் உடும்பும் கல்கௌதாரிப் பறவையும் தண்ணீர் குடிக்க வந்தன. தூரத்தில் மொட்டைமலை செக்கச்செவேலென்று தெரிந்தது.

"வாங்க, அந்த மலை உச்சிக்குப் போயிட்டு வரலாம்" என்றது முயல்.

"இன்னைக்கா?" என்றது கல்கௌதாரி.

"இன்னைக்கேதான். நாளைக்குன்னா ஆளுக்கொரு வேலை வந்திரும். ஏ தவளை, நீயும் வாடி."

தோல் காய்ந்தால் தவளைக்கு உயிர் நிற்காது. ஆனால் இதுவரை அதை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு முங்கு முங்கிவிட்டு அவர்கள் பின்னால் கிளம்பியது.

போகும்போது மணல் குளிர்ச்சியாக இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். வெயில் ஏற ஏற மணல் சுட்டது. தவளை ஒவ்வொரு செடி நிழலாகப் பார்த்துத் தாவியது.

"என்ன தவளையம்மா, குடை பிடிக்க ஆள் வேணுமா?" என்றது உடும்பு.

எல்லாரும் சிரித்தார்கள். தவளையும் சிரித்தது. அதற்குப் பிறகு எதையும் கேட்க அதற்கு மனசு வரவில்லை.

மலையில் கொஞ்சம் ஏறியதும் ஒரு பாறைக்குழியில் மழைத்தண்ணீர் கிடந்தது.

"நின்னுட்டுப் போகலாமா? உனக்கு வேணுமா?" என்று கல்கௌதாரி தவளையைக் கேட்டது.

முயல் அதற்குள் மேலே தாவிவிட்டது. தன்னால் எல்லாருக்கும் நேரமாகுமே என்று தவளை நினைத்தது.

"எனக்கு வேண்டாம் அண்ணே. நடங்க" என்றது.

இன்னும் ஏறினார்கள். தவளையின் தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது. முயல் திரும்பிப் பார்த்தது. தவளையின் அகன்ற வாய் அதற்குச் சிரிப்பது போலத் தெரிந்தது.

"பாருங்க, இவ சிரிச்சுக்கிட்டே வர்றா. நமக்குத்தான் மூச்சு வாங்குது" என்றது.

உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தபோது தவளை ஒரு கல் இடுக்கில் ஒதுங்கியது. "நீங்க போங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றது. குரல் கீச்சென்று வந்தது.

உடும்பு கிட்டே வந்து நாக்கை நீட்டி மோந்து பார்த்தது. அதன் முகம் மாறியது.

"இவகிட்ட ஈர வாசனையே இல்ல. முதுகு மரப்பட்டை மாதிரி இருக்கு."

தவளைக்குக் கண் சொருகியது.

"நான் ஓடிப்போய் வாயில தண்ணி கொண்டாறேன்" என்றது முயல்.

"ஓடுற ஓட்டத்துல நீயே முழுங்கிருவே. நகரு" என்று கல்கௌதாரி பறந்தது.

கல்கௌதாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பா பறவை தண்ணீரில் உட்கார்ந்து வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு பறந்துபோய்த் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். இப்போதும் அது பாறைக்குழியில் இறங்கி அப்படியே நனைந்து வந்தது. முயலும் உடும்பும் தவளையை அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளினார்கள். இறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. போதவில்லை. மறுபடி பறந்தது. மறுபடி வந்தது. கடைசியில் தவளை கண்ணைத் திறந்தது.

"என் குஞ்சுங்க தாகம்னா கத்தும். அதனால எனக்குத் தெரியும். நீ வாயே திறக்கலியேம்மா" என்றது கல்கௌதாரி.

"கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"செத்திருந்தா மட்டும் கூப்பிட்டிருப்போமாக்கும்" என்றது உடும்பு. பிறகு தலையைக் குனிந்துகொண்டது. "குடைன்னு நான் கேலி பேசியிருக்கக் கூடாது."

முயல் உச்சியைப் பார்த்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தான். உன்னை முதுகுல ஏத்திக்கவா?"

சரி என்ற சொல் தவளையின் வாய்வரை வந்தது. அதை அப்படியே விழுங்கியது.

"என்னால முடியாது" என்றது. "எனக்கு இப்பவே அந்தப் பாறைக்குழிக்குப் போகணும்."

சொல்லிவிட்டுப் பயந்துகொண்டே மூன்று பேர் முகத்தையும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

முயல் மெல்ல உட்கார்ந்து தன் பாதத்தை நக்கியது. "அப்பாடா. எனக்கும் கால் அப்பவே வெந்துபோச்சு. கூட்டிட்டு வந்தவளே எப்படிச் சொல்றதுன்னுதான் ஏறிக்கிட்டே இருந்தேன்."

தவளையை முதுகில் ஏற்றிக்கொண்டு அது இறங்கியது. கல்கௌதாரி இறகை விரித்து மேலே நிழல் பிடித்துக்கொண்டு தாழப் பறந்தது. பாறைக்குழி வந்ததும் தவளை தண்ணீரில் விழுந்தது. முயலும் நான்கு காலையும் உள்ளே வைத்துக்கொண்டது.

நம் கஷ்டத்தை நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் இல்லை; சொன்னால்தான் அவர்களால் உதவ முடியும்.